எந்த நாட்டுக்கு எழுதிப் போடுவது?

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், 1987ஆம் ஆண்டு உயர்தர வகுப்பைச் சேர்ந்த பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் பேச வேண்டும் என்று சங்கத்திலிருந்து கேட்டபோது, பழைய நினைவுகளைப் பேசலாம் என்றுதான் இருந்தேன். காலைக் கூட்டத்தில் மழைக்கோட்டுக்குள் நடுங்கிக்கொண்டு தேவாரம் பாடியது, ஹட்டன் கடைத்தெருவில் ரொட்டிக் கடைக்கு ஒளிந்து போய் அகப்பட்டது, இப்படி எத்தனையோ இருக்கின்றன. ஆனால் இரண்டு மாதத்துக்கு முன் ஒரு கடிதம் வந்தது. இந்தப் பாடசாலையில் உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு வரக் காத்திருக்கும் ஒரு பிள்ளை எழுதியது. அவள் இந்த மண்டபத்தில் இருக்கிறாளோ தெரியாது. பெயர் சொல்ல மாட்டேன்.

அவள் கேட்டது இதுதான்: "அக்கா, மாமா ஒரு ஏஜென்ட்டைப் பார்த்திருக்கிறார். கனடா என்றால் கடன் எடுக்க வேண்டும். டுபாய் என்றால் உடனே போகலாம். அப்பா சென்னையில் படி என்கிறார். அம்மா எங்கேயும் போகாதே என்கிறார். நீங்கள் அங்கே இருக்கிறீர்கள், சொல்லுங்கள். எந்த நாடு நல்லது?"

பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. அந்தப் பதிலைத்தான் இன்று உங்கள் முன் சொல்லப் போகிறேன்.

இந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்குப் புதியதில்லை. இங்கே இருக்கும் அநேகம் பேருடைய வீட்டுக்கும் புதியதில்லை. "எந்த நாட்டுக்கு எழுதிப் போடுவது?" என்று நம்முடைய தாத்தாமார் லயத்து வாசலில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள்.

சின்னப் பிள்ளைகளுக்காக அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1947 தேர்தலில் வாக்களித்த நம்முடைய ஆட்கள் 1952 தேர்தலில் வாக்களிக்கவில்லை. 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டமும் அதற்குப் பின்னால் வந்த சட்டங்களும் அவர்களை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக ஆக்கிவிட்டன. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா எடுப்பது, 3 இலட்சம் பேரை இலங்கை வைத்துக்கொள்வது, மீதி ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பிறகு பார்ப்பது என்று முடிவானது. அந்த ஒன்றரை இலட்சத்தையும் 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். 1968 மே மாதத்திலிருந்து 1970 ஏப்ரல் வரை விண்ணப்பம் எடுத்தார்கள். எந்த நாடு வேண்டும் என்று நம் ஆட்களே எழுதிக் கொடுக்க வேண்டும். இலங்கையைக் கேட்டு எழுதியவர்கள், ஒப்பந்தத்தில் இலங்கைக்கு ஒதுக்கிய கணக்கைவிட மிக அதிகம்.

எங்கள் தாத்தா இலங்கைக்கு எழுதினார். டிக்கோயாவுக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில்தான் அவர் பிறந்தார். அப்பாயியும் அங்கேதான் பிறந்தார். இரண்டு பேரும் இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. என் அத்தைக்கு அந்தச் சமயத்தில்தான் கல்யாணமானது. அத்தை கட்டிப்போன வீட்டில் எல்லாரும் இந்தியாவுக்கு எழுதினார்கள். அங்கே சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், காணி கொடுப்பார்கள், அரிசி மலிவு என்று பேச்சு. மாமா எழுதினால் அத்தையும் எழுதிய மாதிரிதான்.

1973இல் அவர்கள் போனார்கள். அது தோட்டங்களில் பஞ்சம் நடந்த காலம். மாவுக்கும் அரிசிக்கும் பங்கீடு, வேலை நாள் குறைவு. வள்ளிக்கிழங்கும் கீரையும் தின்று கிடந்தோம் என்று அம்மா சொல்வார். போக யோசித்துக்கொண்டிருந்தவர்களைக்கூட அந்தப் பசி கிளப்பிவிட்டது. ஹட்டன் ஸ்டேஷனில் அப்பாவின் தோளில் இருந்துகொண்டு நான் அத்தையைப் பார்த்தேன். எனக்கு ஐந்து வயது. ஒரு தகரப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருள், அம்மி வேண்டாம் என்று சொன்னதற்காக அத்தை அழுதது, இவ்வளவுதான் ஞாபகம். கோச்சி ரொசல்ல பக்கம் திரும்பி மறைந்தபிறகும் அப்பாயி பிளட்போமை விட்டு வரவில்லை. தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமுக்குப் போனதாகக் கடுதாசி வந்தது.

பிறகு நடந்ததை 1998இல்தான் முழுதாகக் கேட்டேன். வேளாங்கண்ணிக்கு ஒரு குழுவோடு போனவள், அப்படியே கோத்தகிரிக்குப் பஸ் ஏறிவிட்டேன். காணி கிடைக்கவில்லை. மறுவாழ்வு என்று வியாபாரக் கடன் கொடுத்து, தெரியாத ஊரில் கடை வைக்கச் சொன்னார்கள். கொழுந்து பறிக்க மட்டும் தெரிந்தவர்களுக்கு அந்தக் கடை ஆறு மாதம்கூட ஓடவில்லை. குளிர்ந்த மலையும் தேயிலையும் எங்கே இருக்கிறது என்று விசாரித்து நீலகிரிக்கு ஏறினார்கள். திரும்பிவந்தவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே தமிழ்நாட்டு அரசு அங்கே தேயிலைத் தோட்டங்களைப் போட்டிருந்தது; டான்டீ என்பார்கள். அத்தைக்கு அங்கேயும் இடம் கிடைக்கவில்லை. தனியார் தோட்டம் ஒன்றில் மறுபடியும் கூடையைத் தலையில் மாட்டினார். இங்கே நம்மை இந்தியாக்காரர் என்றார்கள். அங்கே அத்தையைச் சிலோன்காரி என்றார்கள்.

அன்றிரவு அடுப்படியில் இருந்துகொண்டு கேட்டேன்: "அத்தை, நீங்க ஏன் போனீங்க? எங்களோட இருந்திருக்கலாமே?"

அத்தை ரொட்டியைத் திருப்பிப் போட்டுவிட்டுச் சொன்னார்: "ஏன் போனேன்னு நீதான் முதமுதல்ல கேக்கிற. போறியான்னு என்னைய யாருத்தா கேட்டா?"

அந்த வார்த்தை அப்போது எனக்கு முழுதாக விளங்கவில்லை. மூன்று வருஷம் கழித்து நானே கப்பலுக்குப் பதிலாக விமானம் ஏறியபோது விளங்கியது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். கண்டியில் தாதியர் பயிற்சி முடித்து வேலை பார்த்தேன். 2001இல் மஸ்கட்டுக்குப் போனேன், 2005இல் இங்கிலாந்துக்கு. தம்பியின் கடன், தங்கச்சியின் கல்யாணம், அப்பாவின் இருதய மருந்து எல்லாவற்றையும் வீட்டில் கணக்குப் போட்டார்கள். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் கணக்கை எழுதி முடித்துவிட்டுத்தான் என்னிடம் காட்டினார்கள்.

ஆசியாவா மேற்கா என்று கேட்கிறவர்களுக்கு, இரண்டிலும் இருந்தவள் என்ற முறையில் கண்டதைச் சொல்கிறேன்.

வளைகுடாவில் சம்பளத்தில் வருமான வரி கழிக்க மாட்டார்கள். எங்களுக்கு அறையும் கொடுத்தார்கள். காசு கையில் நிற்கும். இரண்டு வருஷத்தில் அப்பாவின் கடன் அடைந்தது. ஆனால் அங்கே எத்தனை வருஷம் இருந்தாலும் அந்த நாடு நம்முடையதாகாது. விசா முதலாளியோடு கட்டியிருக்கும். வேலை போனால் நாடும் போய்விடும். தாதிக்கே இப்படியென்றால், வீட்டு வேலைக்கு வந்தவர்களைச் சொல்ல வேண்டியதில்லை. நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குக் கை வெந்து ஒரு பிள்ளை வந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க மஸ்கெலியாவா, பொகவந்தலாவையா?" என்று கேட்டாள். கடவுச்சீட்டில் அவளுக்கு ஐந்து வயது கூட்டிப் போட்டிருந்தார்கள். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தது என்று அவளுக்குத் தெரியாது, கடவுச்சீட்டு வீட்டுக்காரரிடம். கேட்டுப் பார்த்தபோது அவள் எட்டாம் வகுப்பு வரை முதல் மாணவி.

இங்கிலாந்தில் வேறு மாதிரி. அங்கே முதலில் என் பதின்மூன்று வருஷ அனுபவம் ஒன்றுமில்லாமல் போனது. தாதியாகப் பதிவு கிடைக்கும்வரை முதியோர் இல்லம் ஒன்றில் உதவியாளர் சம்பளத்துக்கு வேலை. வயதானவர்களைக் குளிப்பாட்டி, படுக்கை மாற்றி, இரவு முழுவதும் மணியடித்தால் ஓடினேன். அந்த வேலை கேவலமில்லை. ஆனால் ஊருக்கு அனுப்பிய படத்தில் நான் தாதிச் சீருடையில் நின்றேன். சம்பளத்தில் பாதி வாடகைக்குப் போனது. அதே சமயம் அங்கே சட்டம் என் பக்கம் இருந்தது. நோய் வந்தால் காசு கேட்கவில்லை. வருஷங்கள் போனபின் நிரந்தர வதிவிடம் கிடைத்தது, பிறகு குடியுரிமை. நான் வாக்களிக்கப் போன முதல் நாள், என் தாத்தா வாக்குச்சீட்டில்லாமல் இருந்த வருஷங்களை எண்ணிப் பார்த்தேன். அது சின்ன விஷயமில்லை.

அதற்கு நான் கொடுத்தது என்னவென்றும் சொல்ல வேண்டும். 2009இல் அம்மாவுக்குக் கடுமையாகிவிட்டது என்று செய்தி வந்தபோது, என் கடவுச்சீட்டு விசா நீடிப்புக்காக ஓர் அலுவலகத்தில் கிடந்தது. எடுத்துக்கொண்டு போனால் விண்ணப்பம் இரத்தாகும். நாலு வருஷம் வீணாகும். போகவில்லை. மூன்றாம் நாள் அம்மா போய்விட்டார். தங்கச்சி போனை அம்மாவின் காதில் வைத்தாள். நான் பேசினேன். கேட்டதோ இல்லையோ தெரியாது.

தங்கச்சியும் இந்தப் பாடசாலைதான். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் படித்து ஆசிரியையானவள். அம்மா படுத்திருந்த பதினான்கு மாதமும் அவள் பாடசாலை முடிந்து வந்து, சமைத்து, இரவில் பார்த்துக்கொண்டாள். நான் மாதம் தவறாமல் காசு அனுப்பினேன். அடுத்த வருஷம் வந்தபோது அவளோடு ஏதோ ஒரு சின்னச் சண்டை. அவள் சொன்னாள்: "அக்கா, நீ காசு அனுப்புன. நான் ராத்திரி முழிச்சிருந்தேன். ரெண்டும் ஒண்ணில்ல." நான் பதில் பேசவில்லை. இன்றைக்கும் பதில் இல்லை.

ஆக, ஒரே லயத்திலிருந்து மூன்று கிளை. அத்தை இந்தியாவில், தங்கச்சி இலங்கையில், நான் இங்கிலாந்தில். யார் சரியாகத் தெரிவு செய்தது என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? அத்தை முப்பது வருஷம் மறுபடியும் கொழுந்து பறித்தார். இன்று அவருடைய பேத்தி கோயம்புத்தூரில் கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். தங்கச்சியின் சம்பளம் 2022இல் பாதிக்குப் பாதி மதிப்பிழந்தது. டொலர் இருநூறிலிருந்து சில மாதங்களில் முந்நூற்று அறுபதுக்குப் போனது. ஆனால் அவளுக்கு ஓய்வூதியம் இருக்கிறது, அவள் மகள் பேராதனையில் படிக்கிறாள், தெருவில் நடந்தால் பத்துப் பேர் "டீச்சர்" என்று கும்பிடுகிறார்கள். என் மகனுக்கு நல்ல படிப்பு, நல்ல வேலை. அவனுடைய பெரியம்மா, சித்தி எழுதிய கடிதங்களை நான் வாசித்துக் காட்ட வேண்டும். மூன்றையும் தராசில் வைத்துப் பார்த்துவிட்டேன். முள் ஒரு பக்கம் நிற்கவில்லை.

அதனால்தான் அந்தப் பிள்ளைக்கு ஒரு நாட்டின் பெயரை எழுத என்னால் முடியவில்லை. ஆனால் சும்மா விட்டுவிடவும் மனமில்லை. நாட்டின் பெயருக்கு முன்னால் கேட்க வேண்டிய நாலு கேள்விகள் இருக்கின்றன. அவற்றை என்னிடம் யாராவது 2001இல் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முதல் கேள்வி, இது யாருடைய விண்ணப்பம்? மாமா பார்த்த ஏஜென்ட், அப்பா போட்ட கணக்கு, கட்டிக்கொள்ளப் போகிறவரின் விசா. இதில் உன் பெயர் எங்கே இருக்கிறது? போகவேண்டுமென்று நீயே நினைத்தால் போ. கடன் பத்திரத்தில் யார் கையெழுத்து, தவணை எவ்வளவு, வேலை கிடைக்காவிட்டால் யார் கட்டுவது என்று எல்லோர் முன்னிலையிலும் கேள். அத்தையைக் கேட்காமல் விட்ட காலம் போய்விட்டது என்று நாம் நினைக்கிறோம். இப்போதும் நம் வீடுகளில் எழுதி முடித்த பிறகுதான் பெண் பிள்ளையிடம் காட்டுகிறார்கள்.

இரண்டாவது, கையில் கிடைக்கும் கடதாசி என்ன? படிக்கவா, வேலைக்கா, எத்தனை வருஷத்துக்கு, மாறலாமா, கூடவே யாரைக் கூட்டிப் போகலாம்? சட்டம் ஒரு நாளில் மாறும் என்பது மற்ற யாரையும்விட நமக்குத் தெரிய வேண்டும். கனடா 2024 ஜனவரியில், படிக்க வருகிறவர் கல்விக் கட்டணம் போக வங்கியில் காட்ட வேண்டிய தொகையை 10,000 டொலரிலிருந்து 20,635 டொலராகக் கூட்டியது. எத்தனை மாணவருக்கு அனுமதி என்பதற்கும் வரம்பு வைத்தது. இங்கிலாந்தில் 2024 மார்ச்சிலிருந்து முதியோர் பராமரிப்பு வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கணவனையோ பிள்ளையையோ கூட்டி வர முடியாது. 2025 ஜூலையோடு அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதையே நிறுத்தினார்கள். அந்த விசாவுக்கென்று வளவை விற்றுக் கட்டிவிட்டு நின்றவர்களை எனக்குத் தெரியும். ஏஜென்ட் போன வருஷத்துச் சட்டத்தைத்தான் உங்களுக்கு விற்பார். அந்தந்த நாட்டு அரசாங்க அறிவித்தலை நீங்களே வாசியுங்கள். ஏஜென்ட்டுக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் கேளுங்கள். அங்கே குடியுரிமை எடுக்கும் நாள் வந்தால், இலங்கைக் குடியுரிமையை வைத்துக்கொள்ளத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். 1987இலிருந்து இரட்டைப் பிரஜாவுரிமைக்கு இடமிருக்கிறது. நம் முன்னோர் அதற்காகப் பட்ட பாட்டை நினைத்தால், கவனக் குறைவால் அதை நழுவவிடக் கூடாது. நாடற்று மிச்சமிருந்தவர்களுக்கு அது கிடைத்ததே 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான்.

மூன்றாவது, உன் சான்றிதழுக்கு அங்கே என்ன மதிப்பு? உயர்தரத்தோடு போகிறவளும் கையில் ஒரு தொழிலோடு போகிறவளும் ஒரே விமானத்தில் போனாலும் ஒரே இடத்தில் இறங்குவதில்லை. தாதியர் என்றால் ஆங்கிலப் பரீட்சை, எழுத்துப் பரீட்சை, செய்முறைப் பரீட்சை எல்லாம் உண்டு. ஜப்பானில் வயதானவர்களைப் பார்க்கும் வேலைக்கு ஜப்பானிய மொழிப் பரீட்சை. சென்னையில் பட்டம் எடுத்தால் இங்கே அந்தப் பட்டத்தை ஏற்பார்களா என்று சேரும் முன் விசாரிக்க வேண்டும். அங்கேயே வேலை பார்க்க இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா எளிதில் கிடைக்காது. மஸ்கட்டில் வந்த அந்தப் பிள்ளை எட்டாம் வகுப்போடு நிற்காமல் இருந்திருந்தால் அந்த ஆஸ்பத்திரியின் எந்தப் பக்கத்தில் நின்றிருப்பாள் என்று நான் அடிக்கடி நினைப்பேன்.

நாலாவது கேள்விதான் நமக்கே உரியது. திரும்பி வந்தால் எங்கே இறங்குவாய்?

லண்டனில் எனக்கு யாழ்ப்பாணத்துச் சிநேகிதிகள் இருக்கிறார்கள். போர் அவர்களுக்குச் செய்ததை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் அவர்கள் ஊர் என்று சொன்னால் ஒரு வளவு, ஒரு கிணறு, ஒரு உறுதிப் பத்திரம் கண்ணில் தெரியும். நமக்கு லயத்து அறை. அது நாம் வேலை செய்யும் வரைக்கும்தான். செக்ரோலில் வீட்டில் ஒருவர் பெயரும் இல்லையென்றால் அந்த அறையில் நாம் யார்? அப்பாவும் அம்மாவும் ஓய்வு பெற்றபோது அந்தக் கேள்வியை எங்களிடம் கேட்டார்கள். நூறு வருஷத்துக்கு மேல் எங்கள் குடும்பம் பிள்ளை பெற்று, பிணம் எடுத்த அறை. வீடமைப்புத் திட்டங்கள் வந்திருக்கின்றன. இந்திய உதவியில் வீடுகள் கட்டியிருக்கிறார்கள்; 2017இல் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து மேலும் 10,000 வீடுகள் தருவதாகச் சொன்னார். ஏழு பேர்ச் காணி என்ற பேச்சும் நடக்கிறது. ஆனால் இன்னும் பெரும்பாலானவர்கள் லயத்தில்தான்.

அதனால் நம் பிள்ளை வெளிநாடு போனால், போன ஊர் சரிவராவிட்டாலும் இருந்துவிடுகிறாள். வர இடமில்லை. நானும் தங்கச்சியும் கொட்டகலையில் பத்துப் பேர்ச் வாங்கினோம். இரண்டு பேர் பெயரிலும் உறுதி எழுதினோம். முதல் சம்பளத்திலேயே அதைத் தொடங்கியிருக்க வேண்டும். நான் எட்டாவது வருஷம்தான் யோசித்தேன். அந்தக் காணியில் வீடு எழும்பிய பிறகு, இங்கிலாந்தில் இருப்பது எனக்கு வேறு மாதிரி இருந்தது. வேண்டுமென்றால் வரலாம் என்று தெரிந்தபின் இருக்கிற இருப்பு வேறு.

தங்கச்சிமாரே, உங்களில் போகாமல் இருக்கப் போகிறவர்களே அதிகம். அவர்கள் தோற்றவர்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2022இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இந்த நாட்டை விட்டு வேலைக்குப் போனார்கள். அவர்கள் விட்டுப்போன வகுப்பறைகளில், வார்டுகளில் யாரோ நின்றதால்தான் பிள்ளைகள் படித்தார்கள், நோயாளிகள் பிழைத்தார்கள். 2023இல், நம்முடைய ஆட்கள் இங்கே வந்து 200 வருஷமானதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். தங்கச்சியும் ஒரு நாள் போய் நடந்தாள். கால் வீங்கிப்போய் வந்து எனக்குப் போன் எடுத்து, "அக்கா, நம்ம ஆளுக இந்த வழியா வந்ததுல எத்தனையோ பேரு வந்து சேரலன்னாங்க. வந்து சேந்தவங்க வீட்டுப் புள்ளைக நாம" என்றாள். இருப்பதும் ஒரு தெரிவு. ஆனால் அதையும் நீ தெரிந்தெடுக்க வேண்டும். அம்மா அழுதாள் என்பதற்காக இருந்துவிட்டு, ஆயுள் முழுவதும் அம்மாவைக் குறை சொல்லாதே. இருப்பதென்றால் ஒரு தொழிலோடு, உன் பெயரில் ஒரு வங்கிக் கணக்கோடு இரு.

கடைசியாக, என்னைப் போல் வெளியில் இருக்கும் அக்காமாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த மலரை ரொறன்ரோவிலும் மெல்பேர்னிலும் துபாயிலும் சென்னையிலும் இருந்து வாசிக்கப் போகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பாடசாலைக்கு நாம் கணினி வாங்கிக் கொடுத்திருக்கிறோம், கூரை போட்டுக் கொடுத்திருக்கிறோம். நல்லது. ஆனால் பிள்ளைகளுக்கு நாம் அனுப்புவது எப்போதும் படங்கள்தான். பனியில் நிற்கும் படம், புதுக் காருக்குப் பக்கத்தில் நிற்கும் படம். இரவு வேலை முடித்துப் பஸ்ஸுக்கு நிற்கும் படத்தை யாரும் அனுப்பவில்லை, நானும் அனுப்பவில்லை. அந்தப் படங்களைப் பார்த்துத்தான் ஒரு பிள்ளை அம்மாவின் தோட்டை அடகு வைக்கக் கேட்கிறாள்.

சங்கத்துக்கு நான் வைக்கும் வேண்டுகோள் இதுதான். ஒவ்வொரு நாட்டிலும் இருக்கும் பழைய மாணவியரில் இரண்டு பேர் தங்கள் பெயரைச் சங்கத்தில் பதியட்டும். உயர்தரம் முடிக்கும் பிள்ளைகள் அவர்களுக்கு எழுதட்டும். சம்பளம் எவ்வளவு, வாடகை எவ்வளவு, முதல் இரண்டு வருஷம் எப்படிப் போனது, எதற்காக அழுதீர்கள், எதற்காகத் திரும்பவில்லை என்று ஒளிக்காமல் பதில் எழுதுவோம். இங்கேயே இருந்து ஆசிரியையாக, தாதியாக, கிராம உத்தியோகத்தராக, தோட்டத்திலேயே வேலை பார்ப்பவராக இருக்கும் அக்காமாரும் இரண்டு பேர் பதிய வேண்டும். அவர்களும் எழுத வேண்டும். இங்கிலாந்துக்கு என் பெயரை இன்றைக்கே எழுதிக் கொடுக்கிறேன்.

அந்தப் பிள்ளைக்கு நேற்று இரவு பதில் எழுதிவிட்டேன். நாட்டின் பெயர் எழுதவில்லை. நாலு கேள்விகளையும், என் முதல் வருஷத்துச் சம்பளத்தையும் வாடகையையும் எழுதினேன். கீழே ஒரு வரி சேர்த்தேன்: "உன் பதிலை முதலில் நீயே உன் கையால் எழுது. பிறகு வீட்டாரிடம் காட்டு."

அத்தை இப்போது இல்லை. இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டியிருப்பேன்.

நம் பாடசாலை இன்னும் நூறு வருஷம் நம் பெண் பிள்ளைகளுக்குத் துணையாக நிற்கட்டும்.